காலணியில் ஒட்டி வந்த மண்



2023 ஜனவரி இறுதியில் ஒரு கருத்தரங்குக்காக ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகருக்குச் சென்றிருந்தேன். விமானம் தரையிறங்குவதற்குச் சற்று முன்பு பயணிகள் எல்லோருக்கும் ஓர் அட்டை கொடுத்தார்கள். பெயர், கடவுச்சீட்டு எண், தங்கும் முகவரி ஆகியவற்றை எளிதாக நிரப்பிவிட்டேன். அடுத்து வந்த கேள்விகளில் பேனா நின்றுவிட்டது.

இறைச்சி, பால், முட்டை, பழம், காய்கறி கொண்டு வருகிறீர்களா? தானியம், விதை, செடியின் பகுதிகள் ஏதேனும் உண்டா? மண், அல்லது மண் ஒட்டிய பொருள் இருக்கிறதா? கடந்த 30 நாள்களில் பண்ணைக்கோ பண்ணை விலங்குகளின் அருகிலோ சென்றீர்களா? ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு கட்டங்கள் இருந்தன.

இரண்டு வாரம் முன்புதான் ஊரில் மாட்டுப் பொங்கல் கொண்டாடியிருந்தோம். அண்ணன் வீட்டுத் தொழுவத்தில் நின்று மாடுகளுக்குப் பொங்கல் ஊட்டினேன். அப்போது அணிந்திருந்த கேன்வாஸ் காலணிதான் இப்போதும் என் காலில் இருந்தது. பெட்டிக்குள்ளோ, மெல்போர்னில் படிக்கும் மகனுக்காக அக்கா கட்டிக் கொடுத்த நார்த்தங்காய் ஊறுகாய், பருப்புப் பொடி, ஒரு கிலோ அரிசி, ஒரு கட்டுக் கறிவேப்பிலை!

வழியில் சிங்கப்பூரில் விமானம் மாறியபோது அக்கா மகனிடம் தொலைபேசியில் பேசியிருந்தேன். “எல்லாத்துக்கும் ‘இல்லை’ன்னு போட்டுடுங்க மாமா. கறிவேப்பிலை வேணும்னா மாட்டிக்கும். நீங்க மாட்டுத் தொழுவத்துக்குப் போனது யாருக்குத் தெரியப் போகுது?” என்றான் அவன்.

நேர்மையைப் பற்றிய பேச்சைச் சற்று ஒருபுறம் வைப்போம். இயற்பியல் ஆசிரியனுக்கு இது அளவையியல் கேள்வியாகவே பட்டது. ஒரு பெட்டிக்குள் இருக்கும் மாம்பழத்தை எந்தக் கருவி காணும்? காலணியில் ஒட்டியிருக்கும் கிருமியை எந்தக் கருவி காணும்? உண்மையிலேயே, யாருக்குத் தெரியும்? இந்தக் கேள்விக்கு விடை தேடுவோம்.

கோமாரி என்னும் நோய்

முதலில், அந்த அட்டை எதைக் கண்டு அஞ்சுகிறது என்று பார்ப்போம்.

மாடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கோமாரி நோயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நோய் கண்ட மாட்டின் வாயிலும் நாக்கிலும் கொப்புளங்கள் தோன்றும். எச்சில் நூல் நூலாக வடியும். குளம்புகளின் இடுக்கில் புண் உண்டாகி மாடு நொண்டும். தீனி எடுக்காது, பால் வற்றும். வளர்ந்த மாடுகள் பெரும்பாலும் பிழைத்துக் கொள்ளும். கன்றுகள் இறந்துவிடுவது உண்டு. ஆடு, பன்றி ஆகிய பிளவுபட்ட குளம்புள்ள மற்ற விலங்குகளுக்கும் இது வரும். என் சிறு வயதில் எங்கள் உழவு மாடுகளில் ஒன்றுக்குக் கோமாரி வந்தது. மாடு பிழைத்தது, ஆனால் அந்தப் பருவம் முழுவதும் ஏரில் பூட்ட முடியவில்லை. வாடகை ஏருக்குக் கொடுத்த பணத்தை அப்பா நெடுநாள் வரை சொல்லிக் கொண்டே இருந்தார்.

இந்நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ். 1898-ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த லோஃப்ளர், ஃப்ராஷ் என்னும் இருவர் நோயுற்ற மாட்டின் கொப்புள நீரை மிக நுண்ணிய வடிகட்டியில் ஊற்றினர். பாக்டீரியாக்களை அந்த வடிகட்டி நிறுத்திவிடும். ஆனால் வடிந்து வந்த நீரும் கன்றுகளுக்கு நோயை உண்டாக்கிற்று! பாக்டீரியாவைவிடச் சிறிய கிருமியால் விலங்குகளுக்கு நோய் வரும் என்பதற்குக் கிடைத்த முதல் சான்று இதுவே. இந்த வைரசின் விட்டம் சுமார் 30 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் ஏறத்தாழ 33,000 வைரசுகளை வரிசையாக அடுக்கி வைக்கலாம்.

இத்தனை சிறிய கிருமி என்ன செய்யும் என்பதை 2001-ஆம் ஆண்டில் பிரிட்டன் கண்டது. பிப்ரவரி மாதம் எசெக்ஸ் பகுதியில் உள்ள ஓர் இறைச்சிக் கூடத்துக்கு வந்த பன்றிகளிடம் நோய் தென்பட்டது. பின்னோக்கித் தேடியபோது தடம் வடக்கே நார்தம்பர்லாந்தில் ஒரு பன்றிப் பண்ணைக்குச் சென்றது. அங்கே உணவுக் கழிவைச் சரியாக வேக வைக்காமல் பன்றிகளுக்குப் போட்டிருந்தார்கள். சட்டத்துக்குப் புறம்பாக நாட்டுக்குள் வந்த இறைச்சி அந்தக் கழிவில் கலந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. நோயைக் கண்டுபிடிப்பதற்குள் சந்தைகளின் வழியே ஆடுகள் நாடெங்கும் போய்விட்டன. செப்டம்பர் இறுதி வரை 2,026 பண்ணைகளில் நோய் உறுதி செய்யப்பட்டது. அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடு, மாடு, பன்றிகளைக் கொன்று எரித்தும் புதைத்தும் நோயை நிறுத்தினார்கள். மே மாதம் நடக்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட பொதுத் தேர்தல்கூட ஜூன் மாதத்துக்குத் தள்ளிப் போயிற்று!

“எங்கள் ஊரில் மாட்டுக்குக் கோமாரி வந்தால் மருந்து போட்டுக் காப்பாற்றுகிறோமே, அங்கே ஏன் கொல்ல வேண்டும்?” என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. இந்தியாவில் இந்நோய் நெடுங்காலமாக இருந்து வருகிறது. 2019-ஆம் ஆண்டில் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் மாடு, எருமைகளுக்குத் தடுப்பூசி போட்டு அதைக் கட்டுப்படுத்த முயல்கிறோம். ஆஸ்திரேலியாவிலோ 1872-ஆம் ஆண்டுக்குப் பின் இந்நோய் வரவில்லை. அங்குள்ள மாடுகளுக்குத் தடுப்பூசியும் இல்லை, இயற்கையாக வந்த எதிர்ப்பாற்றலும் இல்லை. ஒரு பொறி விழுந்தால் காய்ந்த வைக்கோற்போர் எப்படிப் பற்றுமோ அப்படிப் பற்றிக் கொள்ளும். நோய் இருக்கும் நாட்டிலிருந்து இறைச்சியையும் கால்நடைகளையும் வாங்க மற்ற நாடுகள் மறுத்துவிடும் என்பதால் அந்தப் பண்ணையாளர்களின் பிழைப்பும் அன்றோடு நின்றுவிடும்.

வைரஸ் பயணம் செய்யும் வழிகள்

விலங்கை விட்டு வெளியே வந்த வைரஸ் உடனே அழிந்துவிடுவதில்லை. ஈரமும் குளிர்ச்சியும் இருந்தால் சாணத்திலும் சேற்றிலும் நாள் கணக்கில், சில வேளை வாரக் கணக்கில்கூட நோயூட்டும் ஆற்றலோடு இருக்கும். நோயுற்ற மாட்டின் அருகில் நின்ற மனிதனின் மூக்கில்கூட ஓரிரு நாள் தங்கக் கூடும்.

வெயிலும் வறட்சியும் அதற்கு ஆகாது. அமிலம் இன்னொரு பகை. அமிலத் தன்மையைக் குறிக்கும் பி.எச். அளவு 6-க்குக் கீழே இறங்கினால் வைரசின் புரத உறை சிதைந்துவிடும். விலங்கைக் கொன்ற பின் அதன் தசையில் லாக்டிக் அமிலம் ஊறுவதால் தசையிலுள்ள வைரஸ் பெரும்பாலும் அழிகிறது. ஆனால் எலும்பு மச்சையிலும் நிணநீர்க் கணுக்களிலும் அந்த அமிலம் ஊறுவதில்லை. எனவே குளிரூட்டிய இறைச்சித் துண்டுக்குள்ளும் வைரஸ் மறைந்து பயணம் செய்யலாம்.

2022-ஆம் ஆண்டில் இந்தோனேசியாவில் கோமாரி பரவியபோது, ஆஸ்திரேலிய விமான நிலையங்களில் சிட்ரிக் அமிலக் கரைசலில் நனைத்த விரிப்புகளைப் போட்டு, அங்கிருந்து வந்த பயணிகளை அவற்றின் மேல் நடக்கச் செய்தார்கள். அது ஏன் என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். எலுமிச்சம்பழத்தில் இருக்கும் அதே அமிலந்தான்!

1981 மார்ச்சில் இந்த வைரஸ் பிரான்சின் பிரிட்டனி பகுதியிலிருந்து காற்றில் மிதந்து, கடலைக் கடந்து, பிரிட்டனின் வைட் தீவில் இருந்த மாடுகளைப் பிடித்தது. காற்றை நிறுத்திக் கேள்வி கேட்க முடியாது. பயணியை நிறுத்திக் கேட்கலாம். அதற்காகத்தான் அட்டை.

பெட்டிக்குள் பார்க்கும் கண்

ஆனால் கேட்பானேன்? பெட்டிகளைத்தான் எக்ஸ் கதிர்க் கருவிக்குள் அனுப்பிப் பார்க்கிறார்களே! அந்தக் கருவி என்ன காண்கிறது என்று பார்ப்போம்.

60,000 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எக்ஸ் கதிர்களை நீரின் ஊடே செலுத்துவதாகக் கொள்வோம். சுமார் 3.4 செ.மீ. நீர் அவற்றில் பாதியைத் தடுத்துவிடும். அடுத்த 3.4 செ.மீ. நீர், மீதியில் பாதியைத் தடுக்கும். மாம்பழத்தில் பெரும்பகுதி நீர்தான். ஆகவே 7 செ.மீ. தடிமனுள்ள மாம்பழத்தைக் கடந்து வெளியே வருவது ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. துணிமணிகளுக்கு நடுவே அது தெளிவான நிழலாக விழும்.

நிழல் மட்டும் போதாது. மெல்லிய இரும்புத் தகடும் தடித்த மாம்பழமும் ஒரே அளவு கருமையுள்ள நிழலைத் தரலாமே! எது எது என்று எப்படிப் பிரிப்பது? இங்கேதான் ஓர் அழகான உபாயம் இருக்கிறது.

பொருள்கள் எக்ஸ் கதிரை முக்கியமாக இரண்டு வழிகளில் தடுக்கின்றன. ஒன்று ஒளிமின் விளைவு. இதில் அணு, கதிரின் ஆற்றல் முழுவதையும் விழுங்கிவிடும். இது அணு எண்ணைப் பொறுத்து வேகமாகக் கூடும். ஏறத்தாழ அணு எண்ணின் மும்மடிக்கு ஏற்ப எனலாம். ஆக்சிஜனின் அணு எண் 8, இரும்பின் அணு எண் 26. விகிதம் 3.25. அதன் மும்மடி சுமார் 34. ஒரே எடையுள்ள ஆக்சிஜனைவிட இரும்பு 34 மடங்கு அதிகமாக விழுங்குகிறது! மற்றொன்று காம்ப்டன் சிதறல். இதில் கதிர் எலெக்ட்ரானில் மோதித் திசை மாறிப் போகும். இதற்கு அணு எண் அவ்வளவு முக்கியமன்று.

ஆற்றல் குறைந்த கதிரில் ஒளிமின் விளைவு ஓங்கியிருக்கும்; ஆற்றல் மிகுந்த கதிரில் சிதறல் ஓங்கும். எனவே ஒரே பெட்டியை இரண்டு ஆற்றல்களில் படம் எடுத்து ஒப்பிட்டால், தடுத்த பொருள் கனமான அணுக்களால் ஆனதா, இலேசான அணுக்களால் ஆனதா என்று கணினி கணக்கிட்டுவிடும். கார்பன், ஆக்சிஜன் போன்ற இலேசான அணுக்களால் ஆன பொருள்களை ஆரஞ்சு நிறத்திலும், உலோகங்களை நீல நிறத்திலும், இடைப்பட்டவற்றைப் பச்சையிலும் திரையில் காட்டுவது வழக்கம். பழம், அரிசி, இறைச்சி எல்லாம் ஆரஞ்சு நிறம். வடிவத்தையும் சேர்த்துப் பார்க்கும் பழகிய கண்ணுக்கு மாம்பழம் மாம்பழமாகவே தெரியும்.

மோப்பம் பிடிக்கும் மூக்கு

ஒரு கட்டுக் கறிவேப்பிலை புத்தகங்களுக்கிடையே இருந்தால் நிழலில் அவ்வளவாகத் தெரியாது. அதற்கு வேறு கருவி உண்டு. அதற்கு நான்கு கால்களும் வாலும் இருக்கும்!

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்தில் 1984-ஆம் ஆண்டில் பீகிள் இன நாய்களை இந்த வேலையில் அமர்த்தினார்கள். இன்று பல நாடுகளில் நாய்கள் பயணிகளின் பெட்டிகளை முகர்ந்து செல்கின்றன. அறை வெப்பநிலையில் காற்று மூலக்கூறுகள் விநாடிக்குச் சில நூறு மீட்டர் வேகத்தில் ஓடுகின்றன. ஒன்றோடொன்று ஓயாமல் மோதுவதால்தான் மணம் மெல்லப் பரவுகிறது. ஆனால் பரவாமல் இருப்பதில்லை. பெட்டியின் இழுப்பான் பற்களுக்கிடையே உள்ள சிறு இடைவெளி மூலக்கூறுக்குப் பெரிய வாசல். நம் மூக்குக்கு எட்டாத அந்தச் சிறு அளவை நாய் கண்டு கொள்கிறது.

2022 ஜூலையில் இந்தோனேசியாவின் பாலித் தீவிலிருந்து ஆஸ்திரேலியாவின் டார்வின் நகருக்கு வந்த ஒரு பயணியின் பையை ஒரு நாய் காட்டிக் கொடுத்தது. உள்ளே முட்டையும் மாட்டிறைச்சியும் வைத்த இரண்டு ரொட்டிகளும், பன்றி இறைச்சி வைத்த ஒரு ரொட்டியும் இருந்தன. அட்டையில் அவற்றைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அபராதம் 2,664 ஆஸ்திரேலிய டாலர்! கோமாரி பரவியிருந்த இடத்திலிருந்து வந்த இறைச்சி என்பதால் அந்தச் சிற்றுண்டிக்கு அத்தனை விலை.

கருவிகள் தோற்கும் இடம்

ஆக, கறிவேப்பிலையைப் பற்றி என் அக்கா மகன் சொன்னது சரிதான். இப்போது அவன் சொன்ன மற்றொன்றுக்கு வருவோம். காலணியில் இருக்கும் வைரசைக் கருவி காணுமா?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். நாம் எடுத்துக் கொண்ட எக்ஸ் கதிரை மெல்லிய நீர்ப்படலம் தடுக்கும் வீதம் செ.மீ.க்குச் சுமார் 0.2 பங்கு. வைரசின் தடிமன் 30 நானோமீட்டர், அதாவது ஒரு செ.மீ.யில் பத்து லட்சத்தில் 3 பங்கு. வைரசின் அடர்த்தியும் நீரின் அடர்த்தியை ஒட்டியது என்று கொண்டு இரண்டையும் பெருக்குங்கள். ஒரு கோடி கதிர்த் துகள்களைச் செலுத்தினால் வைரஸ் தடுப்பது வெறும் 6! மேலும், பெட்டிகளைச் சோதிக்கும் கருவியின் படப்புள்ளி ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ளது. முன்பு சொன்னேனே, அந்த அகலத்தில் 33,000 வைரசுகள் அடுக்கலாம் என்று. அத்தகைய ஒரு புள்ளிக்குள் ஒரு வைரசைத் தேடுவது எப்படி?

நாய்க்கு மண் வாசனை தெரியலாம். ஆனால் அது பூங்காவில் நடந்த மண்ணா, நோய் கண்ட தொழுவத்து மண்ணா என்று அது சொல்லுமா? ஆய்வகத்தில் வைரசின் மரபுப் பொருளைப் பெருக்கிக் காட்டும் சோதனை இருக்கிறது. அதற்கு மணிக்கணக்கில் நேரம் ஆகும். ஒரு நாளில் வந்திறங்கும் ஆயிரக்கணக்கான காலணிகளையும் சோதிக்க முடியாது. எந்தக் காலணியைச் சோதிப்பது என்று முதலில் யாராவது சொல்ல வேண்டும்.

இரண்டு வாரம் முன்பு அந்தக் காலணி எங்கே நின்றது என்பதை அளக்கும் கருவியை எந்த இயற்பியலாளனும் செய்யவில்லை. அந்தச் செய்தி ஒரே ஓர் இடத்தில்தான் பதிவாகியிருக்கிறது. அது காலணியை அணிந்தவனின் நினைவு. அதைப் படிக்கும் கருவிதான் அந்த அட்டை. யாருக்குத் தெரியும் என்றால், எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. நான் ‘இல்லை’ என்று குறித்தால் அந்தக் கருவி பழுதாகிவிடும். அதைச் சரிபார்க்க வேறு கருவியும் இல்லை.

எந்தக் கருவியும் இரண்டு வகையில் பிழை செய்யலாம். இல்லாததை இருக்கிறது என்று காட்டலாம். இருப்பதை இல்லை என்று காட்டலாம். எங்கள் அண்ணன் மாடுகளுக்கு நோய் எதுவும் இல்லை. ஆனாலும் நான் ‘ஆம்’ என்று குறித்தால் என்ன நட்டம்? கொஞ்ச நேரம் வரிசையில் நிற்க வேண்டும். நோய் இருந்து, நான் ‘இல்லை’ என்று குறித்திருந்தால்? 2001-ஆம் ஆண்டின் கதையை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் பத்து நிமிடம். மறு பக்கம் அறுபது லட்சம் உயிர்கள். சந்தேகம் இருந்தால் ‘ஆம்’ என்று குறிப்பதே முறை.

நான் ‘ஆம்’ என்றே குறித்தேன்; உணவுக்கும், விதைக்கும், மண்ணுக்கும், பண்ணைக்கும்.

மேசைக்கு அருகில்

என்னைத் தனி வரிசைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த பெண் அதிகாரி எங்கே, என்ன மாடுகள், எந்தக் காலணி என்று கேட்டார். காலணியைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பினார். அடிப்பாகத்தின் பள்ளங்களில் எங்கள் ஊர்க் கரிசல் மண் காய்ந்து ஒட்டியிருந்தது. உள்ளே எடுத்துச் சென்று, கழுவிக் கிருமிநாசினி தெளித்துத் திருப்பிக் கொடுத்தார். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு ஊறுகாயையும் பொடியையும் என்னிடமே தந்தார். கறிவேப்பிலையையும் அரிசியையும் எடுத்துக் கொண்டார். அபராதம் இல்லை, கடிந்து ஒரு சொல்லும் இல்லை. “சொன்னதற்கு நன்றி” என்றார். சொல்லிவிட்டுக் கொண்டு வந்த பொருளை எடுத்துக் கொள்வார்கள். சொல்லாமல் கொண்டு வந்ததற்குத்தான் தண்டனை. அமெரிக்கா, நியூசிலாந்து ஆகிய நாடுகளிலும் இதே முறைதான்.

கறிவேப்பிலை என்ன பாவம் செய்தது? அதுவும் எலுமிச்சை, ஆரஞ்சு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்ததே. அதன் கொழுந்தில் 3 அல்லது 4 மி.மீ. நீளமுள்ள சில்லிட் என்னும் பூச்சி வாழ்கிறது. இந்தப் பூச்சி ஆரஞ்சு மரத்துக்கு ஒரு பாக்டீரியாவைக் கொண்டு செல்லும். நோய் கண்ட மரத்தின் பழங்கள் கோணலாகி, ஒரு புறம் பச்சையாகவே நின்று, கசந்து உதிரும். மரமும் சில ஆண்டுகளில் நலிந்துவிடும். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் 1998-இல் பூச்சியும் 2005-இல் நோயும் காணப்பட்டன. 2003-04 பருவத்தில் 24 கோடியே 20 லட்சம் பெட்டி ஆரஞ்சு விளைந்த அம்மாநிலத்தில் 2023-24 பருவத்தில் விளைந்தது சுமார் 1 கோடியே 80 லட்சம் பெட்டி! இடையில் வீசிய புயல்களுக்கும் இதில் பங்கு உண்டு. எனினும் முதற் காரணம் அந்த நோயே. ஆஸ்திரேலியாவில் அந்தப் பூச்சியும் இல்லை, நோயும் இல்லை.

அரிசியின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. கப்ரா வண்டு என்று ஒன்று உண்டு. பெயரே இந்திப் பெயர்; அதன் தாயகம் இந்தியா என்பார்கள். இரண்டு, மூன்று மி.மீ. நீளமுள்ள இந்த வண்டின் புழு தானியத்தைத் தின்று தூளாக்கிவிடும். தீனி கிடைக்காவிட்டால் சுவர் வெடிப்பிலோ மூட்டையின் மடிப்பிலோ சுருண்டு, ஆண்டுக் கணக்கில் உறங்கும்! இது 1953-இல் கலிபோர்னியாவில் தென்பட்டபோது, கிடங்குகள் முழுவதையும் தார்ப்பாயால் மூடி நச்சு வாயு செலுத்தி ஒழிக்க வேண்டியிருந்தது. அதனால்தான் கப்ரா வண்டு உள்ள நாடுகளிலிருந்து பயணிகள் அரிசி கொண்டு வருவதை அமெரிக்கா 2011 முதலும் ஆஸ்திரேலியா 2020 முதலும் தடுத்திருக்கின்றன. அக்கா கல் பொறுக்கி, புடைத்துக் கொடுத்த அரிசிதான். ஆனால் அதிகாரிக்கு அக்காவின் கை தெரியாது.

நம் நாட்டுக்கும் இதே காவல்

இதையெல்லாம் படித்து, வெளிநாடுகளைக் காக்க மட்டுமே இந்த ஏற்பாடு என்று நினைத்துவிடாதீர்கள். நம் நாட்டிலும் அழிவு தரும் பூச்சி, பூசணங்களைத் தடுக்க 1914-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் வந்தது. இன்றைய விதிகள் 2003-ஆம் ஆண்டின் தாவரத் தடுப்புக் காப்பு ஆணையில் இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து திரும்பும்போது ஆசைப்பட்டு ஒரு ரோஜாக் கிளையையோ நாலு விதையையோ பையில் போட்டுக் கொண்டு வருபவர், அதைச் சொல்லியாக வேண்டும்.

2008-ஆம் ஆண்டில் கோயம்புத்தூர்ப் பகுதியில் ஒரு புதிய மாவுப்பூச்சி தென்பட்டது. மத்திய அமெரிக்கப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி அது. அதன் இயற்கை எதிரிகள் இங்கே இல்லை. பப்பாளித் தோட்டங்கள் வெள்ளை பூத்து அழிந்தன. மல்பெரியும் மரவள்ளியும்கூடத் தப்பவில்லை. மருந்தடித்தும் அடங்கவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குட்டிக் குளவிகளை முறையான அனுமதியோடு வரவழைத்து, தோட்டங்களில் விட்ட பிறகே பூச்சி அடங்கிற்று. சொல்லாமல் வந்த பூச்சி அழித்தது. சொல்லி, சோதித்து, வரவழைத்த குளவி காத்தது!

நம்மிடமிருந்து வெளியே போனதும் உண்டு. 1920-ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குக் கப்பலில் சென்ற திமில் மாடுகள் வழியில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் இறக்கப்பட்டன. அவற்றோடு வெக்கை நோயும் இறங்கிப் பெல்ஜிய மாடுகளிடையே பரவிற்று. தனித்தனியே அஞ்சிப் பயனில்லை, நோய் கண்டால் ஒருவருக்கொருவர் சொல்லிவிட வேண்டும் என்று அப்போது நாடுகள் உணர்ந்தன. 28 நாடுகள் சேர்ந்து 1924-இல் பாரிசில் ஒரு பன்னாட்டு நிறுவனத்தை அமைத்தன. இன்றைய உலக விலங்கு நல அமைப்பு அதுவே. 2011-ஆம் ஆண்டில் வெக்கை நோய் உலகை விட்டே ஒழிந்தது என்று அறிவிக்கப்பட்டது. அதற்குத் தடுப்பூசி பெரும் காரணம். எங்கே நோய் இருக்கிறது என்பதை மறைக்காமல் சொன்னதும் ஒரு காரணம்.

விமான நிலையத்துக்கு வெளியே காத்திருந்த அக்கா மகன் முதலில் கேட்டது, “கறிவேப்பிலை போச்சா மாமா?” என்பதுதான். “போச்சு” என்றேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் 30 நானோமீட்டர் கணக்கை அவனுக்குச் சொல்லிக் கொண்டே போனேன். அன்றிரவு ஊறுகாய் மட்டும் தொட்டுக் கொண்டு தயிர் சாதம் சாப்பிட்டோம். அவன் அடுத்த முறை ஊரிலிருந்து திரும்பும்போது எந்தக் கட்டத்தில் குறிப்பான் என்று நான் கேட்கவில்லை. உங்களில் பலர் நாளை படிப்புக்காகவோ வேலைக்காகவோ கடல் கடந்து செல்வீர்கள். அந்த அட்டையோ அதற்கு ஈடான கேள்வியோ உங்கள் முன் வரும். அப்போது யாரும் உங்களைப் பார்த்துக் கொண்டிருக்க மாட்டார்கள்.

செய்து பாருங்கள்

சார்லஸ் டார்வினுக்கு ஒரு நண்பர் கௌதாரி ஒன்றின் காலை அனுப்பி வைத்தார். அதில் ஏறத்தாழ 184 கிராம் மண் உருண்டையாக ஒட்டியிருந்தது. மூன்று ஆண்டுகள் கிடந்த அந்த மண்ணை டார்வின் உடைத்து, நீர் ஊற்றி, கண்ணாடி மூடியின் கீழ் வைத்தார். 82 செடிகள் முளைத்தன!

மழைக்குப் பின் வயல் வரப்பிலோ விளையாட்டுத் திடலிலோ நடந்துவிட்டு வாருங்கள். காலணியின் அடியில் ஒட்டிய மண்ணைப் பழைய பல் துலக்கியால் ஒரு தட்டில் சுரண்டி எடுத்து எடை போடுங்கள். கொதிக்க வைத்து ஆற்றிய நீரைத் தெளித்து, கண்ணாடித் தட்டால் மூடி, வெளிச்சமான இடத்தில் மூன்று வாரம் வையுங்கள். நாள்தோறும் முளைகளை எண்ணி எழுதுங்கள். அதே மண்ணில் ஒரு பகுதியை வறுத்து ஆற வைத்து, இன்னொரு தட்டில் இதே போல் வைத்து ஒப்பிடுங்கள்.

சிந்தியுங்கள்

1. தெளிக்கும் நீரைக் கொதிக்க வைத்து ஆற்ற வேண்டும் என்றது ஏன்?

2. வறுத்த மண்ணை எதற்காக ஒப்பிடச் சொன்னேன்?

3. எக்ஸ் கதிர்க் கருவியின் படப்புள்ளியை ஆயிரம் மடங்கு சிறிதாக்கினாலும் ஒரு வைரசைக் காண முடியாது. இக்கட்டுரையில் உள்ள எண்களைக் கொண்டு காரணம் கூறுங்கள்.